ஓட்டப் பயிற்சி: தொடக்கத்தில் வேண்டும் நிதானம்

புனே நகரின் வடகிழக்கு விளிம்பில் அமைந்த லோஹேகாவ், மராத்தியரின் பக்தி மரபில் துக்காராம் சுவாமிகளின் தாயார் பிறந்த ஊர் என்ற சிறப்புடையது. 1939-ஆம் ஆண்டில் இங்கு அமைக்கப்பட்ட விமானத் தளம் அதன் பெயரை நாடறியச் செய்தது. புனே விமான நிலையமும் இத்தளத்திலேயே இயங்குகிறது. ஒரு காலத்தில் வயல்வெளி சூழ்ந்த சிற்றூராக இருந்த லோஹேகாவ், 2017-ஆம் ஆண்டில் புனே மாநகராட்சியுடன் முழுமையாக இணைந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கல்லூரிகளும் நிறைந்த புறநகராக விளங்குகிறது.

இத்தகைய புறநகர்களில் விடியற்காலையில் ஓடுவோர் பெரும்பாலும் இரு வகையினர். இராணுவம், விமானப் படை, காவல் துறை ஆகியவற்றின் உடற்தகுதித் தேர்வை எதிர்நோக்கியுள்ள இளைஞர்கள் ஒரு வகையினர். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்து, மருத்துவரின் அறிவுரையால் ஓடத் துணிந்த நடுத்தர வயதினர் மற்றொரு வகையினர். நோக்கத்தில் வேறுபட்டாலும், தொடக்கத்தில் இவ்விரு வகையினரும் செய்யும் தவறு ஒன்றே. முதல் நாளிலேயே தம் ஆற்றலுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடுகின்றனர். சில வாரங்களில் முழங்காலிலோ கணைக்காலிலோ வலி தோன்றுகிறது. பயிற்சி கைவிடப்படுகிறது. சில வேளைகளில் விளைவு இதனினும் கடுமையாக அமைவதுண்டு.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஆயத்தீர்வைக் காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வு தொடங்கியது. ஆண்கள் 10 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓடிக் கடக்க வேண்டும் என்பது விதி. அத்தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். தேர்வு இடையில் நிறுத்தி வைக்கப்பட்டது. இம்மரணங்களுக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. எக்காரணத்தை ஏற்பினும், படிப்படியாகப் பழக்கப்படாத உடலை வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பருவத்தில் நெடுந்தூரம் விரைந்தோடச் செய்வது ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. ஆகவே, ஓடத் தொடங்குவது எப்படி என்ற வினா உயிரோடும் உடல்நலத்தோடும் பிணைந்த வினாவாகும்.

நாட்டின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற விரிவான ஆய்வொன்றின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடையோர். மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாயிலில் நிற்போர். உயர் இரத்த அழுத்தம் உடையோர் ஏறத்தாழ 31.5 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட மற்றொரு மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்திய வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். 2000-ஆம் ஆண்டில் இவ்விகிதம் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இருந்தது. பெண்களிடையே இக்குறைபாடு ஆண்களைவிட அதிகம்.

பொருளாதார வளர்ச்சியின் ஒரு பக்க விளைவாகவே இதனைக் கருத வேண்டும். வயலிலும் ஆலையிலும் உடல் வருந்திய உழைப்பின் இடத்தை எந்திரமும் மேசைப் பணியும் பெருமளவு பிடித்துக்கொண்டன. வருவாய் உயர்ந்தது, உடலுழைப்புக் குறைந்தது. தொழிலோடு இயல்பாக அமைந்திருந்த உழைப்பை, இனி ஓய்வு நேரத்தில் தேடிப் பெற வேண்டியுள்ளது.

வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடுமையான உடற்பயிற்சியோ மேற்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. விரைவு நடை முதல் வகையைச் சார்ந்தது. ஓட்டம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஒரு நிமிட ஓட்டம் இரண்டு நிமிட நடைக்கு ஈடாகும் என்பது இதன் பொருள். நேரம் அருகிய நகர வாழ்வில் ஓட்டத்தின் சிறப்பு இதுவே. கட்டணமோ விலையுயர்ந்த கருவிகளோ அதற்குத் தேவையில்லை.

உடல் வளரும் முறை

நடைக்கும் ஓட்டத்திற்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை. நடக்கும்போது ஏதேனும் ஒரு பாதம் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கும். ஓடும்போது இரு பாதங்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. அடுத்து ஒற்றைக் காலில் உடல் முழுதும் இறங்குகிறது. அப்போது அக்கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கால், ஒவ்வோர் அடியிலும் 120 முதல் 180 கிலோ வரையிலான சுமையைத் தாங்குகிறது. ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓடுவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் தேவைப்படுகின்றன.

இச்சுமையைத் தாங்க உடல் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் திருந்துவதில்லை. பயிற்சி தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் இரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகுகிறது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளில் நுண் இரத்தக் குழாய்கள் மிகுகின்றன; எரிபொருளை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன. ஒரு மாதத்திற்குள்ளாகவே ஓடுபவர் மூச்சு வாங்குவது குறைந்ததை உணர்கிறார்.

எலும்பும் தசைநாணும் இவ்வாறு விரைந்து மாறுவதில்லை. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலின் அவை வலுப்பெறப் பல மாதங்கள் ஆகின்றன. எலும்பு புதுப்பிக்கப்படும்போது முதலில் பழைய பகுதி அரிக்கப்பட்டு, பின்னரே புதிய பகுதி படிகிறது. ஒரு சுற்று நிறைவுபெற மூன்று நான்கு மாதங்கள் தேவை. இடைப்பட்ட காலத்தில் எலும்பு தற்காலிகமாக வலுக் குன்றியிருக்கும்.

தொடக்க நிலை ஓட்டக்காரரின் இன்னல்களுக்கு இவ்விடைவெளியே மூலகாரணம். இரண்டாம் மாதத்தில் அவருடைய இதயமும் நுரையீரலும், இன்னும் விரைந்து ஓடலாம் என்று கூறுகின்றன. கணைக்கால் எலும்போ அதற்கு ஆயத்தமாகவில்லை. ஆலைகளின் உற்பத்தி பெருகியும் சரக்கை ஏற்றிச் செல்ல இருப்புப்பாதைகள் பெருகாவிடில் நாட்டின் பொருளாதாரத்தில் என்ன நேருமோ, அதுவே உடலிலும் நேர்கிறது. மிகவும் பின்தங்கிய துறையே முழு வளர்ச்சியின் வேகத்தையும் வரையறுக்கிறது. ஆகவே, மூச்சு அனுமதிக்கும் அளவுக்கு ஓடலாகாது. எலும்பும் தசைநாணும் அனுமதிக்கும் அளவுக்கே ஓட வேண்டும். தொடக்கப் பயிற்சியின் விதிகள் அனைத்தும் இவ்வொரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

தொடங்குமுன்

முப்பது வயதைக் கடந்தோர், ஓடத் தொடங்குமுன் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் அளந்தறிவது நலம். தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ் இச்சோதனைகள் அரசு சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. 2018-ல் நலவாழ்வு மையங்களாகத் தொடங்கி, 2023-ல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் பெற்ற நிலையங்களிலும் இவ்வசதி உண்டு. மார்பு வலி, காரணமற்ற மயக்கம், சிறிது நடந்தாலே மூச்சுத் திணறல் ஆகியவற்றை உணர்ந்தோரும், இளம் வயதில் திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தோரும் எவ்வயதினராயினும் மருத்துவரின் ஒப்புதலின்றி ஓடத் தொடங்கலாகாது.

பெண்கள் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். தசைகளுக்கு உயிர்வளியை எடுத்துச் செல்லும் ஹீமோகுளோபின் குறைந்திருக்கையில், பயிற்சி பயன் தராமல் களைப்பையே தரும். தம்மால் ஓட இயலாது என்று சோர்ந்து விலகும் பெண்கள் பலருக்கு வேண்டுவது இரும்புச் சத்தே அன்றி மனவலிமை அன்று. எளிய இரத்தச் சோதனை ஒன்று இதனைத் தெளிவுபடுத்தும்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

ஓட்டத்தின் அடித்தளம் நடையே. ஆண்டுதோறும் தேஹுவிலிருந்து பண்டரிபுரம் வரை துக்காராம் சுவாமிகளின் பல்லக்குடன் செல்லும் வார்க்கரி அடியார்கள், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவை மூன்று வாரத்தில் நடந்து கடக்கின்றனர். அவர்களுள் முதியோரும் பலர். நாளொன்றுக்கு ஒரு பகுதி, குறித்த இடத்தில் தங்கல், இடையிடையே ஓய்வு எனப் பிரித்துக் கொள்வதாலேயே அது இயலுகிறது. பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் தமிழக அடியார்களும் இம்முறையையே கையாளுகின்றனர். பெரும் பணியைச் சிறு கூறுகளாகப் பகுத்து இடையில் ஓய்வளிக்கும் இம்முறையே ஓட்டப் பயிற்சிக்கும் ஏற்றது. நடையையும் ஓட்டத்தையும் மாறி மாறி அமைக்கும் பயிற்சி பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. 1996-ல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் அவற்றுள் பெயர்பெற்றது. நம் சூழலுக்கு இன்னும் சற்று நிதானமான பன்னிரண்டு வாரத் திட்டம் பொருந்தும்.

முதல் இரண்டு வாரங்கள்: ஓட்டமே இல்லை. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு 30 நிமிடம் விரைவு நடை.

மூன்றாம், நான்காம் வாரங்கள்: இனி வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இவ்வாறு எட்டு முறை.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு முறை.

ஏழாம், எட்டாம் வாரங்கள்: நான்கு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, நான்கு முறை.

ஒன்பதாம், பத்தாம் வாரங்கள்: ஏழு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மூன்று முறை.

பதினொன்றாம் வாரம்: பன்னிரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மீண்டும் பன்னிரண்டு நிமிடம் ஓட்டம்.

பன்னிரண்டாம் வாரம்: இடைவிடாமல் 25 நிமிடம் ஓட்டம்.

ஒவ்வொரு நாளும் ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை இன்றியமையாதது. ஓட்ட நாட்களுக்கு இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும், அந்நாளில் நடக்கலாம். ஓட்டத்தின் மொத்த நேரம், நாளொன்றுக்கு எட்டு நிமிடத்தில் தொடங்கி 25 நிமிடத்தை எட்டுகிறது. வாரத்திற்கு மூன்று நாட்களெனில் இறுதி வாரத்தில் 75 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவும் அதுவே. ஒரு கட்டம் கடினமாகத் தோன்றினால் அதிலேயே மேலும் ஒரு வாரம் தங்குவதில் தவறில்லை. பன்னிரண்டு வாரம் பதினாறு வாரமாக நீள்வதால் இழப்பு ஒன்றுமில்லை.

வேகத்தை அறியக் கடிகாரம் வேண்டுவதில்லை. ஓடும்போதே உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரியானது. சொற்கள் துண்டுபட்டால் வேகம் மிகுதி. தொடங்குவோர் பலருக்கு இவ்வேகம் விரைவு நடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். பிறர் கடந்து செல்வதைக் கண்டு நாணுவதற்கு இதில் ஏதுமில்லை.

உடல் எடையைக் குறைப்பதற்காக ஓடுவோர் ஒரு கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 300 கலோரி. புனேவின் தெருக்களில் விற்கும் ஒரு வடாபாவ் கிட்டத்தட்ட அவ்வளவையும் ஈடுசெய்துவிடும். ஓட்டம் இதயத்தை வலுப்படுத்தும். இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும். எடைக் குறைப்புக்கோ உணவிலும் கட்டுப்பாடு வேண்டும்.

காலணி, தரை, பருவம்

காலணியின் விலை அதன் தகுதிக்குச் சான்றாகாது. அணிந்தவுடன் இதமாக இருத்தல், பெருவிரலுக்கு முன் ஒரு விரற்கடை இடைவெளி இருத்தல், குதிகால் நழுவாதிருத்தல் ஆகிய மூன்றும் போதும். ஓடும்போது பாதம் சற்று விரிவதால் மாலை நேரத்தில் காலணியைத் தேர்வு செய்வது நல்லது. சிமெண்டுச் சாலையைவிடச் சமமான மண் தரை கால்களுக்கு இதமானது.

லோஹேகாவ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 590 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரம் மூச்சைப் பாதிப்பதில்லை. பருவமே கருதத்தக்கது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. அக்காலத்தில் சூரியன் எழுமுன் ஓட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும். வெப்பத்திற்கு உடல் பழக இரண்டு வாரங்கள் வரை ஆகும். அதுவரை நேரத்தையும் வேகத்தையும் குறைத்தல் வேண்டும். மழைக் காலத்தில் வழுக்கும் தரையைத் தவிர்த்தல் வேண்டும். குளிர்காலக் காலையில் காற்று அசைவற்று இருப்பதால் வாகனப் புகை தாழ்ந்து தங்கும். முதன்மைச் சாலைகளை விட்டு உட்பகுதிகளில் ஓடுவது நலம். புதிதாக ஓடத் தொடங்க நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே இப்பகுதியில் மிகவும் உகந்தது. கடலோரத் தமிழகத்திலோ ஈரப்பதம் ஆண்டு முழுதும் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆகவே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

வலியும் அபாய அறிகுறியும்

தசைகளில் பரவலாகத் தோன்றி இரண்டொரு நாளில் மறையும் வலி இயல்பானது. எலும்பின் மீது விரலால் சுட்டிக்காட்டக் கூடிய ஓரிடத்தில் தோன்றி, ஓடுந்தோறும் மிகும் வலி இயல்பானதன்று. எலும்பில் நுண்கீறல் ஏற்பட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். வலி நிவாரணி மாத்திரை உட்கொண்டு ஓடுவது அறிகுறியை மறைத்துத் தீங்கைப் பெருக்கும்.

மார்பில் இறுக்கம், தலைச்சுற்றல், சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவை தோன்றினால் அக்கணமே நின்றுவிட வேண்டும். வெப்பத்தில் ஓடுபவர் குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கமாகலாம். மருத்துவ உதவி வரும்வரை காத்திராது, அவரை நிழலில் கிடத்தி உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். உணர்வு தெளியாத நிலையில் வாயில் நீர் புகட்டலாகாது. மகாராட்டிரத்திலும் தமிழகத்திலும் 108 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். உடலை உடனடியாகக் குளிர்விப்பதே உயிரைக் காக்கும் முதல் நடவடிக்கை.

தேர்வுக்கு ஓடும் இளைஞர்

மகாராட்டிரக் காவலர் தேர்வில் ஆண்கள் 1600 மீட்டரும் பெண்கள் 800 மீட்டரும் ஓட வேண்டும். இராணுவ ஆட்சேர்ப்பில் ஆண்களுக்கான ஓட்டம் 1.6 கிலோமீட்டர். குறித்த நேரத்திற்குள் ஓடி முடிப்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியிருப்பதால், இளைஞர் பலர் நாள்தோறும் அதே தூரத்தை முழு வேகத்தில் ஓடிப் பார்க்கின்றனர். நாள்தோறும் தேர்வு எழுதுவது படிப்பாகாது. நாள்தோறும் முழு வேகத்தில் ஓடுவதும் பயிற்சியாகாது. அறிவிக்கை வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே நிதானமான ஓட்டத்தால் அடித்தளம் அமைத்து, இறுதி எட்டு வாரங்களில் மட்டும் வாரத்திற்கு ஒன்றிரண்டு நாட்கள் வேகப் பயிற்சி செய்வதே முறை. ஊக்க மருந்துகளை நாடுவது உயிருக்கே உலை வைக்கும்.

இராணுவ வீரரான அவினாஷ் சாப்ளேயின் வாழ்க்கை இங்கு எண்ணத் தக்கது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த அவர், ஆறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த பள்ளிக்கு நடந்தும் ஓடியும் சென்றவர். இராணுவத்தில் சேர்ந்த பின்னரே, இருபது வயதை ஒட்டி, ஓட்டப் போட்டிகளில் ஈடுபட்டார். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 3000 மீட்டர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கமும், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கமும் வென்றார். பதக்கத்துக்குரிய பயிற்சி சில ஆண்டுகளே ஆயினும், அதன் அடியில் பள்ளிப் பருவத்தின் நெடுநடை இருந்தது.

நிர்வாகத்தின் பங்கு

புனேயில் சர்வதேச மாரத்தான் 1983-ல் தொடங்கியது. இராணுவ விளையாட்டுக் கழகம் 2001-ல் அந்நகரில் நிறுவப்பட்டது. மைய அரசு 2019 ஆகஸ்டு 29-ல் ஃபிட் இந்தியா இயக்கத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து நலநடைத் திட்டத்தைத் தொடங்கியது. இவை வரவேற்கத் தக்கவை. ஆயினும் பெரிய விழாவைவிட, வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் உள்ள பாதுகாப்பான பாதையே தொடங்குவோரைத் தொடர வைக்கும்.

விரைந்து வளரும் புறநகர்களில் மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் அளிக்கும்போதே நடைபாதைக்கும் திறந்தவெளிக்கும் இடம் ஒதுக்க வேண்டும். பள்ளி, கல்லூரி மைதானங்களைக் காலையிலும் மாலையிலும் மக்களுக்குத் திறந்துவிடலாம். தெருவிளக்கு எரியாத சாலையில் விடியற்காலையில் ஓடப் பெண்கள் தயங்குவது இயல்பே. அவ்விளக்குகளைப் பழுதுபார்ப்பதும் ஒரு சுகாதாரப் பணியாகும். உடற்தகுதித் தேர்வு நடத்தும் அதிகாரிகள், அறிவிக்கைக்கும் ஓட்டத் தேர்வுக்கும் இடையே போதிய மாதங்கள் அளித்தல், வெப்பம் தணிந்த பருவத்தையும் விடியற்காலை நேரத்தையும் தேர்ந்தெடுத்தல், மைதானத்தில் மருத்துவரையும் குளிர்ந்த நீரையும் ஆயத்தமாக வைத்திருத்தல் ஆகியவற்றைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும்.

உடல்நலம் ஒரு நாளில் ஈட்டக் கூடிய வருவாய் அன்று. சிறுகச் சிறுகச் சேர்க்கும் முதலாகும். வாரத்திற்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்பது எவராலும் இயலும் முதலீடு. முதல் இரண்டு வாரங்கள் நடந்து, பின் ஒரு நிமிடம் மட்டும் ஓடும் பொறுமை உடையோர் பல ஆண்டுகள் ஓடுவர்.